ரப்பர் உறைக்குள் அடைபட்ட காற்று: கொல்கத்தாவின் மின்வண்டிகளும் ஒரு வில்லின் வரலாறும்

மின்சாரப் பேருந்து ஒன்றின் பின்சக்கரத்தருகே குனிந்து பார்த்தால், அச்சுக்கும் சட்டகத்துக்கும் இடையே கருநிற ரப்பர் உறை ஒன்று தென்படும். பார்வைக்குச் சிறிய பானை போலிருக்கும். அதற்குள் இருப்பது அழுத்தப்பட்ட காற்று மட்டுமே. பணிமனைகளில் அதனைப் ‘பெல்லோ’ என்பார்கள். பொறியியல் நூல்கள் காற்று வில் என்னும். பல டன் எடையுள்ள வண்டியும் அதனுள் நெருக்கியடித்து நிற்கும் மக்களும் இத்தகைய சில உறைகளின் மீதுதான் அமர்ந்திருக்கிறார்கள். உறை வெடித்தாலோ கசிந்தாலோ வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றுவிடும். அதனைக் கழற்றிப் புதியதை மாட்டுவது அரைநாள் வேலைதான். எந்த நகர வரலாற்றிலும் அந்த அரைநாளுக்கு இடம் கிடைத்ததில்லை.

தொழில்நுட்ப வரலாற்றாசிரியர் டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளியிட்ட ‘தி ஷாக் ஆஃப் தி ஓல்டு’ நூலில் முன்வைத்த வாதம் இங்கே நினைவுகூரத் தக்கது. கண்டுபிடிப்பின் வரலாற்றையே தொழில்நுட்பத்தின் வரலாறாக எழுதிப் பழகிவிட்டோம். பயன்பாடும் பராமரிப்பும் பழுதுபார்ப்பும் அதில் விடுபட்டுப்போகின்றன என்பது அவ்வாதத்தின் சாரம். அதனைச் சோதித்துப் பார்க்கக் கொல்கத்தாவைவிடப் பொருத்தமான இந்திய நகரம் அரிது. மின்சாரத்தால் ஓடும் பொது வண்டி அந்நகரத் தெருக்களில் 1902 முதல் ஓடிவருகிறது. அவ்வண்டியைத் தாங்கிய வில் எதனால் ஆனது, அதனை யார் மாற்றினார்கள், மாற்றும் அறிவு எங்கே இருந்தது என்ற கேள்விகளைத் தொடுத்தால், நூற்றிருபது ஆண்டுகளின் போக்குவரத்து வரலாறு வேறொரு கோணத்தில் விரியும்.

1. இரும்பு வில்லின் நகரம்

1873 பிப்ரவரி 24 அன்று சியால்தாவிலிருந்து ஆர்மேனியன் காட் வரை, சற்றேறக்குறைய 3.9 கிலோமீட்டர் தொலைவுக்குக் குதிரை இழுத்த டிராம் ஓடிற்று. போதிய ஆதரவின்றி அவ்வாண்டு நவம்பர் 20 அன்று அது நின்றுபோனது. 1880இல் கல்கத்தா டிராம்வே கம்பெனி லண்டனில் பதிவுசெய்யப்பட்டது. குதிரை டிராம் மீண்டும் வந்தது. நீராவி எஞ்சினும் சிறிதுகாலம் சோதிக்கப்பட்டது. 1902 மார்ச் 27 அன்று எஸ்பிளனேடிலிருந்து கிதிர்பூர் வரை முதல் மின்சார டிராம் ஓடிற்று.

இவ்விடத்தில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. கொல்கத்தாவின் 1902 டிராமே ஆசியாவின் முதல் மின்சார டிராம் என்று பல கட்டுரைகளில் எழுதப்பட்டு வருகிறது. அது உண்மையன்று. ஜப்பானின் கியோட்டோ நகரில் 1895 பிப்ரவரியிலும், சென்னையில் அதே ஆண்டு மே மாதத்திலும் மின்சார டிராம் ஓடத் தொடங்கிவிட்டது. கொல்கத்தாவுக்கு உரிய பெருமை முதன்மையில் இல்லை, நீடிப்பில் இருக்கிறது. சென்னை டிராம் 1953 ஏப்ரலில் நின்றது. மும்பையும் டெல்லியும் கான்பூரும் தத்தம் டிராம்களைக் கைவிட்டன. கொல்கத்தாவில் மட்டும் அது இருபத்தோராம் நூற்றாண்டுக்குள் நுழைந்தது.

ஏன் நீடித்தது என்பதற்கு அரசியல், பொருளாதாரக் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. பொருள்சார்ந்த காரணம் ஒன்றும் அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது. டிராம் வண்டியைத் தாங்கியவை எஃகுப் பட்டைவில்களும் சுருள்வில்களும். எஃகு வில் தன் பழுதை ஒளிப்பதில்லை. பட்டை முறிந்தால் கண்ணுக்குத் தெரியும். சுருள் தளர்ந்தால் வண்டியின் உயரத்தை அளந்தே கண்டுகொள்ளலாம். முறிந்த பட்டையைக் கழற்றி, வேறொன்றை உலையில் பழுக்கக் காய்ச்சி, வளைவேற்றி, எண்ணெயில் தோய்த்துப் பதமேற்றிப் பூட்டலாம். தமிழ்நாட்டு நெடுஞ்சாலை ஓரங்களில் லாரிகளுக்குப் பட்டை அடித்துத் தரும் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை புதிதன்று. இதற்கு வேண்டியவை உலை, சம்மட்டி, பட்டறைக்கல், பதம் அறிந்த கண். கொல்கத்தா டிராம்களின் தாய்ப் பணிமனையான நோனாபுகூரில் வண்டிகள் பழுதுபார்க்கப்பட்டதோடு, பழைய சட்டகத்தின்மேல் புதிய உடல் பொருத்தி மீண்டும் மீண்டும் கட்டப்பட்டன. ஒரே வண்டி மூன்று தலைமுறைப் பயணிகளைச் சுமந்ததன் இரகசியம் அதுவே.

ஆயினும் எஃகு வில்லைப் போற்றிப் பாடிவிட இயலாது. அதற்கொரு இயல்பான குறை உண்டு. சுமை கூடக்கூட அது அதே விகிதத்தில் அமுங்கும். வண்டி நிரம்பிய நிலையை எண்ணி வில்லைக் கெட்டியாக வடிவமைத்தால், வெற்று வண்டி தூக்கித் தூக்கிப் போடும். வெற்று நிலையை எண்ணி மென்மையாக வடித்தால், கூட்டம் ஏறியதும் வண்டி தரையை நோக்கித் தாழும். காலை ஒன்பது மணிக்குப் படிக்கட்டில் ஆள் தொங்க, பிற்பகல் இரண்டு மணிக்கு இருக்கைகள் காலியாகக் கிடக்கும் நகரத்தில், எந்த எஃகு வில்லும் பகல் முழுவதும் சரியான வில்லாக இருக்க முடியாது.

2. காற்றை வில்லாக்கிய கதை

காற்றின் மீது வண்டியை ஏற்றும் எண்ணம் பழையது. ராபர்ட் தாம்சன் 1845இல் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1888இல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்டு டன்லப் அதே எண்ணத்தை மீண்டும் கண்டு வெற்றிபெறச் செய்தார். சக்கரத்தைச் சுற்றி ஓடும் காற்றை அச்சின் மேல் ஏற்றினால் என்ன என்ற கேள்வி அடுத்து எழுந்தது. வில்லியம் ஹம்ஃப்ரிஸ் என்ற அமெரிக்கர் 1901இல் வண்டிகளுக்கான காற்று வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் காற்றைப் பல ஆண்டுகள் கசியாமல் அடைத்துவைக்கும் ரப்பர் உறை அன்று இல்லை. 1930களில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம், டயருக்கு உள்ளே நூலிழை வைத்து ரப்பர் பூசும் கலையையே இதற்கும் பயன்படுத்தி உறைகளைச் செய்து பார்த்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1953இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் தொலைதூரப் பேருந்துகளில் காற்று வில்லைப் புகுத்திற்று. 1958இல் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஓடிய ‘கொடாமா’ மின்தொடர் வண்டி காற்று வில்லின்மேல் ஓடிற்று. 1964இல் தொடங்கிய ஷின்கான்சென் அதனை உலகறியச் செய்தது.

வில்லின் இயக்கம் எளியது. உறைக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் சுமைக்கேற்ப ஏறும். அழுத்தம் ஏறும்போது வில்லின் விறைப்பும் ஏறும். இரண்டும் சேர்ந்தே ஏறுவதால் வண்டி அதிரும் வேகம் வெறுமையிலும் நிறைவிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். எஃகால் இயலாத செயல் இது. இதற்குத் துணையாக உயரத்தைச் சமன்செய்யும் வால்வு ஒன்று உண்டு. அச்சோடு ஒரு கோலால் பிணைக்கப்பட்ட அந்த வால்வு, ஆள் ஏறி வண்டி தாழ்ந்தால் தொட்டியிலிருந்து காற்றை உறைக்குள் விடும். ஆள் இறங்கி வண்டி உயர்ந்தால் மிகுந்த காற்றை வெளியேற்றும். பேருந்து நிறுத்தத்தில் வண்டி நின்றதும் கேட்கும் மெல்லிய பெருமூச்சு பல வேளைகளில் இந்த வால்வினுடையதே.

1953ஆம் ஆண்டை மீண்டும் நோக்கலாம். அமெரிக்க நெடுஞ்சாலையில் பயணியின் முதுகு காற்றின்மேல் சாயத் தொடங்கிய அதே ஆண்டில் சென்னை தன் டிராமை இழந்தது. அதே ஆண்டு ஜூலையில், இரண்டாம் வகுப்பு டிராம் கட்டணத்தில் ஒரு பைசா உயர்த்தப்பட்டதை எதிர்த்துக் கொல்கத்தா மக்கள் தெருவில் இறங்கினார்கள். ‘ஒரு பைசாப் போராட்டம்’ என்று வரலாற்றில் பதிவான அக்கிளர்ச்சி, கட்டண உயர்வைக் கைவிடச் செய்தது. வசதி ஓரிடத்தில் விற்பனைப் பொருளாகிக்கொண்டிருக்கையில், இன்னோரிடத்தில் பயணம் என்பதே உரிமைப் பிரச்சினையாக இருந்தது. காற்று வில் இந்திய நகரப் பேருந்துக்கு வந்துசேர ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்ததன் விளக்கம் இந்த இடைவெளியில் ஓரளவு இருக்கிறது. ஒரு பைசாவுக்குக் கணக்குப் பார்க்க வேண்டிய பயணியிடம் வில்லின் விலையை யாரும் வசூலிக்க முடியாது.

3. ரப்பரின் வழி, தமிழரின் வழி

காற்று வில்லின் உறை இயற்கை ரப்பராலோ, 1930களில் அறிமுகமான நியோபிரீன் போன்ற செயற்கை ரப்பராலோ ஆனது. இயற்கை ரப்பரின் ஆசிய வரலாறு கொல்கத்தாவில்தான் தோல்வியோடு தொடங்கிற்று என்பது பலரும் அறியாதது. 1873இல் அமேசான் பகுதியிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குச் சுமார் இரண்டாயிரம் ரப்பர் விதைகள் வந்தன. முளைத்தவை ஏறத்தாழ பன்னிரண்டே. அவற்றில் ஆறு செடிகள் கொல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டன. வங்கத்தின் தட்பவெப்பம் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஹூக்ளியின் ஒரு கரையில் குதிரை டிராம் தோற்ற ஆண்டும் மறுகரையில் ரப்பர் செடி வந்த ஆண்டும் ஒன்றே.

மூன்றாண்டுகளுக்குப் பின் ஹென்ரி விக்கம் கொண்டுவந்த ஏறத்தாழ எழுபதாயிரம் விதைகளிலிருந்து முளைத்த நாற்றுகளில் பெரும்பகுதி இலங்கையின் ஹெனரத்கொட தோட்டத்துக்குச் சென்றது. 1877இல் 22 நாற்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அதன்பின் நடந்தது தமிழ் வாசகர் அறிந்த கதை. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிமார் வழியே தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து ஆயிரமாயிரம் குடும்பங்கள் கப்பலேறின. விடியுமுன் எழுந்து மரத்தைச் சீவிப் பால் எடுத்த அக்கைகளின் உழைப்பே இருபதாம் நூற்றாண்டு உலகம் உருண்டோடிய டயர்களின் அடித்தளம். காற்று வில் அந்த டயரின் உடன்பிறப்பு. அதே ரப்பர், அதே நூலிழை, அதே கந்தகப் பதம்.

வங்கமும் இந்தச் சங்கிலியில் பின்னர் இணைந்தது. ஹூக்ளி மாவட்டத்துச் சாஹாகஞ்சில் 1936இல் டன்லப் தொழிற்சாலை எழுந்தது. இந்தியாவின் முதல் டயர் தொழிற்சாலை அதுவே. அதே நிறுவனத்தின் இரண்டாவது தொழிற்சாலை 1959இல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் அமைந்தது. இன்றும் அம்பத்தூரில் பேருந்து நிறுத்தம் ‘டன்லப்’ என்றே அழைக்கப்படுவது அந்த நினைவின் எச்சம். சாஹாகஞ்சின் முடிவு துயரமானது. நெடுங்காலத் தள்ளாட்டத்துக்குப் பின் 2011 அக்டோபரில் அங்கே பணி இடைநிறுத்த அறிவிப்பு ஒட்டப்பட்டது. ஆலை பின்னர் உயிர்பெறவில்லை. ரப்பரை வண்டிக்கு ஏற்றபடி வார்க்கும் அறிவைத் தலைமுறைகளாகக் கைக்கொண்டிருந்த ஒரு தொழிலாளர் ஊர், கொல்கத்தாவுக்கு வடக்கே வெறுமையானது. சில ஆண்டுகளுக்குள் அதே கொல்கத்தாவின் தெருக்களில் ரப்பர் வில்லின்மேல் மின்சாரப் பேருந்துகள் ஓடலாயின. இரண்டுக்கும் நேரடிக் காரணத் தொடர்பு இல்லை. எனினும் ஒரு நகரம் புதிய பொருளைத் தழுவும்போது, அப்பொருளை ஆக்கும் அறிவு அதன் அண்டையில் இருக்கிறதா என்ற கேள்விக்கு இது ஒரு விடை.

4. பெரம்பூரிலிருந்து ஹூக்ளிக்கு அடியில்

கொல்கத்தாவின் மின்வண்டி வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு இன்னொரு பங்கும் உண்டு. 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடுக்கும் பவானிபூருக்கும் இடையே 3.4 கிலோமீட்டர் தொலைவுக்கு இந்தியாவின் முதல் மெட்ரோ ஓடியபோது, அதன் பெட்டிகள் சென்னைப் பெரம்பூரின் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் கட்டப்பட்டவை. 1955 அக்டோபர் 2 அன்று நேரு தொடங்கிவைத்த அத்தொழிற்சாலை, சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவன வடிவமைப்பைக் கொண்டு தன் பயணத்தைத் தொடங்கியது. அந்த வடிவமைப்பின் போகியில் இரு நிலைகளிலும் எஃகுச் சுருள்வில்களே இருந்தன. நெடுந்தூர ரயிலுக்கு அது ஏற்றதாக இருந்தது. இருக்கைக் கணக்கே அங்கே சுமைக் கணக்கு.

புறநகர் மின்தொடர் வண்டிகளில்தான் சிக்கல் முற்றிற்று. மும்பைப் புறநகர் வண்டிகளில் நெரிசல் நேரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 14 முதல் 16 பேர் வரை நிற்பதுண்டு. ரயில்வே ஆவணங்கள் இதனை ‘மிகை நெரிசல் சுமை’ என்ற பொருள்படும் சொல்லால் குறிக்கின்றன. அந்தச் சுமையில் சுருள்வில் முழுதும் அமுங்கி, பெட்டி நடைமேடைக்குக் கீழே தாழ்ந்துபோகும். நடைமேடைக்கும் வாசலுக்கும் இடையே விழும் அந்த உயர வேறுபாடு உயிரைப் பறிக்கக்கூடியது. இரண்டாம் நிலைச் சுருள்வில்லை நீக்கி, ஏறத்தாழ 180 கிலோநியூட்டன் தாங்கும் காற்று வில்லை இந்திய ரயில்வே அவ்விடத்தில் பொருத்தியதற்கான முதற்காரணம் சொகுசு அன்று, கூட்டம். மும்பையில் 2007இல் ஓடத் தொடங்கிய புதிய தலைமுறைப் புறநகர் வண்டிகள் காற்று வில்லின்மேல் ஓடின. 2018இல் பெரம்பூரிலிருந்து வெளிவந்த, பின்னர் வந்தே பாரத் எனப் பெயர்பெற்ற வண்டியும் அவ்வாறே.

ரயில் போகியின் காற்று வில் அமைப்பில் நுட்பமான ஏற்பாடு ஒன்று உண்டு. போகியின் இரு பக்க உறைகளையும் இரட்டைத் தடுப்பு வால்வு ஒன்று இணைக்கும். ஒரு பக்க உறை கிழிந்து இரண்டுக்குமான அழுத்த வேறுபாடு 1.5 பார் அளவைத் தாண்டினால் வால்வு திறந்து, நல்ல உறையின் காற்றையும் இறக்கிவிடும். ஒருபக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்து பெட்டி கவிழ்வதைவிட, இருபுறமும் சமமாகத் தாழ்வது நலம். உறைக்குள்ளேயே கெட்டியான ரப்பர்த் தாங்கி ஒன்று இருப்பதால், வண்டி மெதுவாக அடுத்த நிலையம் வரை சென்றுசேரலாம். தோல்வி வரும் என்பதை முன்னரே ஏற்றுக்கொண்டு, அது எப்படி வர வேண்டும் என்பதையும் தீர்மானித்த வடிவமைப்பு இது.

2024 மார்ச்சில் ஹூக்ளி ஆற்றுக்கு அடியிலான சுரங்கத்தில் ஹவுராவுக்கும் எஸ்பிளனேடுக்கும் இடையே மெட்ரோ ஓடத் தொடங்கியது. 1902இல் மின்சார டிராம் புறப்பட்ட அதே எஸ்பிளனேடு இன்று மின்வண்டியின் மூன்று காலங்கள் சந்திக்கும் இடம்: தரையில் டிராம், அருகே மின்சாரப் பேருந்து, அடியில் மெட்ரோ.

5. பேருந்தின் உறையை மாற்றுதல்

கொல்கத்தாவில் மின்சாரப் பேருந்துகள் 2019இல் கணிசமாக வந்தன. மத்திய அரசின் ஃபேம் திட்டத்தின் முதற்கட்ட நிதியுதவியோடு மேற்கு வங்கப் போக்குவரத்துக் கழகம் 80 பேருந்துகளை வாங்கிற்று. பாதி ஒன்பது மீட்டர் நீளமுள்ளவை, பாதி பன்னிரண்டு மீட்டர். அந்தக் கழகமே 2016இல் பழைய அரசுப் பேருந்துக் கழகத்தையும் டிராம் நிறுவனத்தையும் ஒன்றிணைத்து உருவானது. 2019 அக்டோபரில் கோப்பன்ஹேகனில் நடந்த சி40 நகரங்களின் மாநாட்டில் கொல்கத்தாவின் இம்முயற்சி பசுமைப் போக்குவரத்துக்கான விருதைப் பெற்றது. 2020இல் பன்னாட்டு எரிசக்தி முகமை தன் மின்வண்டி அறிக்கையில் ஷென்சென், சாண்டியாகோ, ஹெல்சிங்கி ஆகியவற்றோடு கொல்கத்தாவையும் எடுத்துக்காட்டாக ஆராய்ந்தது.

மின்சாரப் பேருந்துக்குக் காற்று வில் ஏன் பொருந்துகிறது என்பதற்குக் காரணங்கள் உண்டு. மின்கலங்களால் வண்டியின் எடை கூடுகிறது. அதிர்வு மின்கல அடுக்குகளுக்கும் மின்னணுக் கருவிகளுக்கும் பகை. முதியோரும் மாற்றுத்திறனாளரும் ஏற வாசல் தாழ்வாக இருக்க வேண்டும். ஆனால் வில் கெட்டுப்போகும் வழிகளும் பல. மழைக்காலத்தில் தேங்கும் நீரிலுள்ள மணலும் சேறும் உறையின் மடிப்புக்குள் புகுந்து அராவும். எண்ணெய்க் கசிவு ரப்பரை ஊறவைத்துத் தளர்த்தும். வெயில் அதனை வெடிப்புறச் செய்யும். அதிர்வுத் தணிப்பான் செயலிழந்தால் சக்கரம் பள்ளத்தில் இறங்குகையில் உறை அளவுக்கு மீறி இழுபட்டு, பிடிப்பிலிருந்து பிய்யும். பிய்ந்த உறையை மட்டும் மாற்றி, தணிப்பானை அப்படியே விட்டால், புதிய உறையும் விரைவில் அதே வழியில் போகும்.

டீசல் பேருந்தில் காற்றழுத்தும் கம்ப்ரசரை எஞ்சினே சுழற்றும். சிறு கசிவு யார் கணக்கிலும் ஏறாது. மின்சாரப் பேருந்தில் கம்ப்ரசருக்கெனத் தனி மின்மோட்டார் இருக்கிறது. அது உண்ணும் மின்சாரம் மின்கலத்திலிருந்து வருவது. உறையின் ஒரு நுண்வெடிப்பு கம்ப்ரசரை ஓயாமல் ஓடவைக்கும். ஓயாமல் ஓடும் கம்ப்ரசர் வண்டி செல்லும் தொலைவைக் கடிக்கும். முன்பு பயணியின் முதுகு மட்டும் அறிந்த பழுது, இப்போது மின்சாரக் கணக்கிலும் தெரியவருகிறது.

மாற்றும் முறையைச் சுருக்கமாகக் கூறலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்திச் சக்கரங்களுக்கு அடைகட்டை வைப்பர். உயர்மின்னழுத்தச் சுற்றைத் துண்டித்து, மீண்டும் யாரும் இணைக்காதபடி பூட்டுவர். சட்டகத்தை உயர்த்தி எஃகுத் தாங்கிகளின்மேல் நிறுத்துவர். காற்றை நம்பி வண்டிக்கு அடியில் எவரும் படுப்பதில்லை என்பது இத்தொழிலின் முதல் விதி. காற்றை முழுதும் இறக்கி, உயர வால்வின் கோலையும் காற்றுக் குழாயையும் கழற்றுவர். மேல்தட்டின் மரைகளையும் அடிப்பீடத்தின் மரையையும் தளர்த்திப் பழைய உறையை எடுப்பர். புதியதை மாட்டியபின் எடையை உடனே இறக்கக் கூடாது. காற்றில்லா உறை மடிந்து கசங்கிவிடும். முதலில் சிறிது காற்றேற்றி, மடிப்பு ஒழுங்காக உருண்டு அமர்வதைப் பார்த்து, பின்னரே எடையை இறக்க வேண்டும். இணைப்புகளில் சோப்பு நீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பர். இறுதியில் உயரத்தை அளந்து வால்வின் கோலைத் திருத்துவர். உயரம் தவறினால் புதிய உறையின் ஆயுள் அன்றே குறையத் தொடங்கும்.

இந்த வரிசையில் இரண்டு அறிவுகள் கலந்திருக்கின்றன. தாங்கி, மரை, சோப்பு நீர், அளவுகோல் ஆகியவை பழைய பணிமனையின் அறிவு. உயர்மின்னழுத்தத் துண்டிப்பு புதியது. அதற்குப் பயிற்சியும் சான்றும் வேண்டும். ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் இருக்கிறது. கழற்றிய உறையை வைத்துக்கொண்டு பணிமனையில் செய்யக்கூடியது எதுவுமில்லை. அதனை ஒட்டுப்போட முடியாது. காய்ச்சி அடிக்க முடியாது. அது குப்பைக்குப் போகும். புதியது கடையிலிருந்து வரும். வர வேண்டிய உறை வராவிட்டால், மின்கலமும் மோட்டாரும் நலமாக இருந்தும் வண்டி பணிமனையிலேயே நிற்கும்.

6. யாருடைய கையில் அறிவு

நோனாபுகூரின் இரும்பு உலகத்தையும் இன்றைய மின்பேருந்துப் பணிமனையையும் ஒப்பிட்டு, முன்னதைப் பொற்காலமாகவும் பின்னதை வீழ்ச்சியாகவும் எழுதுவது எளிது. அது வரலாறாகாது. இரும்பு வில்லின் காலத்தில் அதிர்ச்சியைத் தாங்கியவை பயணியின் முதுகெலும்பும் ஓட்டுநரின் இடுப்பும். அந்த வலிக்கு ஏடுகளில் பதிவில்லை என்பதால் அது இல்லாமல் போய்விடாது. நெரிசலில் தாழாத பெட்டியும், முழங்கால் வலியுள்ள மூதாட்டி ஏறக்கூடிய தாழ்வான வாசலும் காற்று வில்லால் சாத்தியமாயின. அவை குறைந்த பேறுகள் அல்ல.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. பழுதுபார்க்கும் அறிவு பொதுத்துறையின் கையில் நிலைக்குமா என்பதே அது. கொல்கத்தாவின் முதல் 80 பேருந்துகள் கழகமே விலைகொடுத்து வாங்கியவை. அதற்குப் பின் நாடெங்கும் பரவிய முறை கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கட்டணம் தரும் ஒப்பந்த முறை. வண்டியும் பராமரிப்பும் இயக்குநர் நிறுவனத்துடையவை. 2022இல் கொல்கத்தா உள்ளிட்ட ஐந்து நகரங்களுக்காக 5,450 பேருந்துகளுக்கு ஒருங்கே கோரப்பட்ட ஒப்பந்தப்புள்ளி இம்முறையைச் சார்ந்ததே. முதலீட்டுச் சுமையைக் கழகங்களின் தோளிலிருந்து இறக்குகிறது என்பது இதன் நன்மை. ஆனால் உறை எத்தனை மாதத்தில் கெடுகிறது, எந்தத் தடத்தில் விரைவாகக் கெடுகிறது, கெடுவதற்குச் சாலை காரணமா சுமை காரணமா என்னும் அன்றாட அறிவும் அதனோடு சேர்ந்து ஒப்பந்ததாரரிடம் போய்விடுகிறது. பன்னிரண்டு ஆண்டு ஒப்பந்தம் முடியும் நாளில் கழகத்திடம் எஞ்சியிருப்பது நிலமும் மின்னேற்றியும். வண்டியை அறிந்த கைகள் அங்கே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

2024 செப்டம்பரில் மேற்கு வங்க அரசு, மைதானத்துக்கும் எஸ்பிளனேடுக்கும் இடையிலான பாரம்பரியத் தடம் ஒன்றைத் தவிர ஏனைய டிராம் தடங்களை நிறுத்தப்போவதாக அறிவித்தது. டிராம் மெதுவானது, சாலையை அடைக்கிறது என்பன சொல்லப்பட்ட காரணங்கள். டிராமுக்கு ஆதரவாகப் பேசுவோர் அதன் புகையின்மையையும் அழகையும் நினைவையும் முன்வைக்கிறார்கள். இவ்விரு தரப்பு வாதங்களிலும் இடம்பெறாதது ஒன்று: ஒரு மின்வண்டியை நூற்றிருபது ஆண்டுகள் தன் சொந்தப் பணிமனையிலேயே உயிரோடு வைத்திருந்த நகரத்தின் கைத்திறன். பாரம்பரியத் தடத்தில் ஓடும் ஒன்றிரண்டு வண்டிகளைக் காட்சிக்காகக் காக்கலாம்; தடங்களின் எண்ணிக்கை சுருங்கினால் வண்டி சுருங்கும், வண்டி சுருங்கினால் பணிமனையில் கற்றுக்கொள்ளும் இளைஞர் இருக்கமாட்டார். அப்போது அருங்காட்சியகத்தில் வில் இருக்கும். அதற்குப் பதமேற்றத் தெரிந்தவர் இருக்கமாட்டார்.

ஆய்வு மாணவர்களுக்கு இதில் உழ வேண்டிய நிலம் பரந்து கிடக்கிறது. போக்குவரத்து வரலாற்றின் வழமையான சான்றுகள் தடங்கள், கட்டணங்கள், வேலைநிறுத்தங்கள், ஆண்டறிக்கைகள். இவற்றோடு பணிமனையின் பணி அட்டை, உதிரிபாகக் கிடங்கின் வழங்கல் பதிவேடு, ஓய்வுபெற்ற பொறிவினைஞரின் வாய்மொழி ஆகியவையும் சேர வேண்டும். நோனாபுகூரில் வில் அடித்தவர்கள், பெரம்பூரில் போகி பூட்டியவர்கள், சாஹாகஞ்சிலும் அம்பத்தூரிலும் ரப்பர் வார்த்தவர்கள் ஆகிய மூன்று தலைமுறைகளில் பலர் இன்றும் வாழ்கிறார்கள். அவர்கள் நினைவிலுள்ளது அச்சேறாத தொழில்நுட்ப வரலாறு. நாள் கடந்தால் அதனை எந்த ஆவணக் காப்பகத்திலும் தேடிப் பெற இயலாது.

கொல்கத்தாவின் ஏதோவொரு பணிமனையில் நாளையும் ஒரு பேருந்து சாய்ந்து நிற்கும். ஒருவர் அதனடியில் விளக்கோடு குனிந்து, சோப்பு நீரில் எழும் குமிழியைத் தேடுவார். அவர் கையிலுள்ள புதிய உறையின் பின்னே கியூ தோட்டத்து நாற்றும், மலாயாத் தோட்டத்துத் தமிழரும், மூடப்பட்ட ஒரு வங்கத் தொழிற்சாலையும் இருக்கின்றன. வேலை முடிந்ததும் வண்டி நிமிரும். அவர் அதில் என்ன கண்டறிந்தார் என்பதை எழுதிவைக்க அங்கே ஒரு பதிவேடு இருக்க வேண்டும். அந்தப் பதிவேடு நகர மக்களுக்குச் சொந்தமானதாகவும் இருக்க வேண்டும்.